தாலுகா கச்சேரி வாசலில் உங்கள் மாமியார்

சிரஞ்சீவி மாப்பிள்ளை உமாபதிக்கு, வடமாலபேட்டையை அடுத்த நம் ஊரிலிருந்து மாமனார் ஆதிநாராயணன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. 1957, ஆடி மாதம். இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரலட்சுமி க்ஷேமம், வயிற்றில் இருப்பதும் க்ஷேமம், பசுமாடும் க்ஷேமம். உங்கள் மாமியார் தாட்சாயணி மட்டும் சப்-ஜெயிலில் இருக்கிறாள்.

பதற வேண்டாம், திருட்டு அடிதடி ஒன்றும் இல்லை, சத்தியாக்கிரகம். ஆந்திர ராஜ்யம் பிரிந்ததிலிருந்து எல்லை எங்கே, எந்த ஊர் யாருக்கு என்று பெரியவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் அல்லவா? அது முடிவதற்குள் நம் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியாரை மாற்றிவிட்டு, தமிழ் வகுப்பையும் மூடிவிட்டார்கள். ஆம்பளைகள் நாங்கள் கூடி மனு எழுதினோம், முதல் கையெழுத்து யாருடையது என்று சண்டை போட்டுக் கலைந்தோம். இவள் என்ன செய்தாள் என்றால், தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தாலுகா கச்சேரி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். யாரையும் திட்டக் கூடாது, கை ஓங்கக் கூடாது, வகுப்பைத் திறக்கும்வரை வாயே திறக்கக் கூடாது என்று கட்டளை. அதில் ஒருத்தி பக்கத்து வீட்டு லட்சுமம்மா, தெலுங்குக்காரி. உனக்கு இதில் என்னம்மா வந்தது என்று போகும்போதே கேட்டேன். "என் புள்ளைங்க தெலுங்குல படிக்குது, இதுங்க தமிழ்ல படிச்சிக்கினு போனா எனக்கு இன்னா நஷ்டம் அண்ணா?" என்றாள்.

முதலில் நன்றாகத்தான் போனது. அப்புறம் திருமலைக்குப் போகிற பஸ் ஒன்று கச்சேரி எதிரில் டீ குடிக்க நின்றது. யாத்திரிகர்கள் இறங்கிக் "கோவிந்தா" என்று ஒரு குரல் கொடுத்தார்கள். நம் பக்கத்து ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, தூக்கத்திலும் பதில் கொடுப்பார்கள். அத்தனை பெண்களும் ஒரே வாயாகக் "கோவிந்தா, கோவிந்தா" என்று முழங்கிவிட்டு, பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தாசில்தார் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏமம்மா, மௌனம் அயிபோயிந்தி கதா? மௌனந்தான் முடிஞ்சிபோச்சே, எழுந்து வூட்டுக்குப் போங்க." சாமி பேர் பேச்சில் சேராது என்று வாதாடலாமா என்று நான் மரத்தடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து கும்பிட்டாள். "நீங்க சொல்றது நெசம் சாமி. வெரதம் கெட்டுப்போச்சு, தப்பு எங்க மேலதான். அதுக்குத் தண்டனையா இனிமே சோறும் துன்ன மாட்டோம்." சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். தாசில்தார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பாவம், ஒரு சிரிப்புச் சிரித்துப் பட்டினிப் போராட்டத்தை வாசலுக்கு வரவழைத்துக்கொண்டார்.

மறுநாள் இவளை மட்டும் கைது செய்தார்கள். வெயிலில் நடத்திக் கூட்டிப்போன போலீஸ்காரருக்குத் தன் சொம்புத் தண்ணீரைக் கொடுத்தாளாம். உங்கள் முன்னால் வரக் கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள். எனக்குக் கோபம்தான், ஆனால் பெருமையாகவும் இருக்கிறது, மறைப்பானேன்.

இனிமேல் உட்கார மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களாம். மாட்டேன் என்கிறாள். அங்கேயும் வெறும் தண்ணீர்தான். வரலட்சுமிக்கு இதுதான் மாதம். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்குத் தாய் பக்கத்தில் இல்லாவிட்டால் எப்படி? எனக்கு ரசம் கூட வைக்கத் தெரியாது. நான் சொன்னால் கேட்க மாட்டாள், மாப்பிள்ளை சொல்லைத் தட்ட மாட்டாள். கண்டிப்பாக நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு வந்து சேரச் சொல்லுங்கள்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். ஏழுமலையான் உங்களைத் தீர்க்காயுசாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆதிநாராயணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வரலட்சுமிக்கு வலி கண்டுவிட்டது. லட்சுமம்மா பட்டினி உடம்போடு கச்சேரி வாசலிலிருந்து ஓடி வந்து மருத்துவச்சிக்குத் துணை நின்றாள். பெண் குழந்தை, இருவரும் சுகம். ஜெயிலுக்கு ஓடினேன். உங்கள் மாமியார் அழுதாள், மூக்கு யாரைக்கொண்டு பிறந்திருக்கிறது என்று கேட்டாள், நீட்டிய பேனாவை வாங்கியும்விட்டாள். அப்பாடா என்றிருந்தது. "பொட்டப் புள்ளயா?" என்று இன்னொரு தரம் கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்போ அது படிக்கணுமே" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆகையால் மேலே கேட்டதை மறந்துவிடுங்கள், அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். லீவு போட்டுவிட்டு நீங்களே வந்து பெண்டாட்டியையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளுங்கள். லட்சுமம்மா இப்போது நம் வீட்டில் இருக்கிறாள், கச்சேரி வாசலில் அவள் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பஸ் இங்கேதான் நிற்கும். இறங்கும்போது மாமனார் "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.