தூரத்து ஊழல் நிபுணர்

கடல் கடந்த ஊழல் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. எண்பதுகளின் கடைசியில், பத்திரிகையைப் பிரித்தால் வெளிநாட்டு வங்கி, ரகசியக் கணக்கு, கமிஷன் என்று கொட்டிய நாட்களில் இந்த இனம் ஈசலாகப் பெருகியது. அதில் ஒருவர் எங்கள் பக்கத்துக்கும் வாய்த்தார். இளம் நிருபர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். உங்கள் ஊரிலும் ஒருவர் இருந்திருப்பார். ஜிப்பாவின் நிறம் வேண்டுமானால் வேறாக இருக்கலாம்.

மதுரை பஸ்ஸிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போதே கக்கத்தில் உலகப் படம் இருக்கும். கல்யாண மண்டபத்து மேடையில் அதை மாட்டி, மாப்பிள்ளை நாற்காலியில் அமர்ந்து, தொண்டையைச் செருமி, ஏதோ ஒரு தீவின் பெயரை நாக்கைச் சுழற்றிச் சொல்லி, லஞ்சப் பணம் எந்த ஊரில் முங்கி எந்த ஊரில் எழுகிறது என்று குச்சியால் காட்டி, கைதட்டலுக்குச் சற்று இடைவெளி விட்டு, தட்டாதவர்களைத் திரும்பிப் பார்ப்பார். வ. புதுப்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் ஜெனீவாவின் வங்கித் தெருக்களை மனப்பாடம் செய்வார்கள். இவர் தாண்டிய எல்லை எது என்கிறீர்களா? கேரள எல்லையில் இருக்கும் ஆரியங்காவு. அதுவும் குற்றால சீசனில்.

பயிற்சி முகாமுக்கு மத்தியானச் சாப்பாடு, பால்கோவா, ஆளுக்கொரு துணிப்பை எல்லாம் ராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனி முதலாளி ஒருவரின் உபயம். பைக்குள் அவர் கம்பெனி பேண்டேஜ் சுருள் ஒன்று. நிருபர் என்றால் என்றைக்காவது அடிபட வேண்டியவர்தானே?

நிறைவு நாளில், அவரவர் கண்டுபிடித்த துப்பைச் சொல்லச் சொன்னார் நிபுணர். முன்வரிசையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். வெள்ளத்தாய் என்ற பெண் எழுந்தாள்.

“சார், நமக்குச் சோறு போட்ட இந்தக் கம்பெனி வெளிநாட்டுக்குக் கப்பல்ல அனுப்புன பேண்டேஜ், சுத்தமில்லைன்னு திரும்பி வந்திருச்சு. ஆபீசருக்குக் கமிஷனக் குடுத்து, லேபிள மாத்தி, அதையே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிட்டாக. பேக்கிங்ல வேலை பாக்கிற பொம்பளைகளே சொல்லுதாக. எங்க மதினி சீனியம்மாளுக்கு ஆபரேசன் பண்ணி அதத்தான் கட்டியிருக்காக. புண்ணு சீழ் வச்சு, எந்திரிக்க முடியாம கெடக்காக.”

கடல் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, கமிஷன் இருக்கிறது, இரண்டு நாடும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? நம் நிபுணர் உலகப் படத்தைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார்.

“இது லோக்கல் மேட்டர்மா. இதுல எல்லை எங்க இருக்கு?”

சொந்தக்காரர் நோயைச் செய்தியோடு குழப்பக் கூடாது என்று ஒரு பாடமும் அப்போதே உதயமாயிற்று. பிள்ளைகள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்தது பயிற்சி மலர் வெளியீடு. மலர்க் கட்டின் நாடாவை பிளேடால் அறுத்த நிபுணர், போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் விரலையும் சேர்த்து அறுத்துக்கொண்டார். நல்ல ஆழம். வெள்ளை ஜிப்பாவில் ரத்தம் சொட்டியது. முதலாளி அசையவில்லை. வெள்ளத்தாய்தான் மேடையேறி, தன் பையிலிருந்த சுருளைப் பிரித்து நீட்டினாள். நிபுணர் கையை வெடுக்கென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“எல்லை தாண்டாத துணிதான சார், கட்டுங்க.”

“வேண்டாம்மா, கைக்குட்டை போதும்.”

ஆக, அவள் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் நம்பியிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எந்த நாட்டு மந்திரி எம்புட்டுத் தின்றான் என்று காலையில் டீக்கடையில் உரக்க வாசித்துவிட்டு, உள்ளூர்ச் செய்திப் பக்கத்தைக் கிழித்து வடையின் எண்ணெயை ஒற்றியெடுப்பவர் நீங்கள் இல்லையே? எதற்கும் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள். கைக்குட்டை பத்திரமாக இருக்கிறதா?