அம்மனுக்கு நான் கண் திறந்தது

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் ஆட்டுக்கறி வெந்தே தீரவேண்டும்.

கறி தின்று முப்பத்தொன்பது நாளாகிறது. கடத்தூரில் கறிக்கடை வைத்திருக்கும் அர்ச்சுனன் என்னைக் கண்டால், “வெளிநாடு போயிருந்தீங்களா?” என்று கேட்கிறான். எனக்குச் சர்க்கரையும் இல்லை, கொழுப்பும் இல்லை. எந்த டாக்டரும் தடுக்கவில்லை. தடுத்தவள் துர்க்கை.

எங்கள் ஹாலில் ஆறடித் துணியில் சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். வரைகிறவள் என் மனைவி வெண்மதி. கலம்காரி கற்றுக்கொண்டதும் ஓசூரிலிருந்து வந்த முதல் ஆர்டர். மூங்கில் குச்சி நுனியில் துணியைச் சுற்றி, வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறிய கறுப்புச் சாயத்தில் தொட்டுத் தொட்டு வரைவாள். சாமி வரையும்போது வீட்டில் கவிச்சி கூடாது என்பது அவள் போட்ட சட்டம். கடைசியாகக் கண்ணை வரைந்தால்தான் விரதம் முடியும்.

பத்துக் கையும் முடிந்தது. சிங்கத்தின் மீசைகூட முடிந்தது. கண் மட்டும் பன்னிரண்டு நாளாகப் பாக்கி.

“கண்ணு எப்ப வெண்மதி?”

“மனசுல வரணுமுங்க. வந்தா வரைவேன்.”

“எருமைத்தலை அசுரன் மட்டும் ஒரே நாள்ல வந்துட்டானே?”

“அவனுக்கு மாடல் வூட்லயே இருந்துச்சு.”

வெள்ளிக்கிழமை காலை மாரண்டஹள்ளிக்கு அவள் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினாள். பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்தது. குச்சியை எடுத்தேன். நாலு கோடு, ரெண்டு புள்ளி. இதற்கா பன்னிரண்டு நாள்!

தள்ளி நின்று பார்த்தேன். அம்மனின் ஒரு கண் அசுரனைப் பார்த்தது. இன்னொரு கண் எங்கள் ஃபிரிட்ஜைப் பார்த்தது. ஐயையோ என்று துடைக்கப் போனேன். கடுக்காயும் பாலும் ஊறிய துணி, பட்ட கறுப்பு பட்டதுதான். போகவே இல்லை.

சாயங்காலம் வெண்மதி வந்தாள், பக்கத்து வீட்டு நஞ்சம்மாளோடு. நான் ஓடினேன்.

“வெண்மதி! அம்மாவே கண்ணத் தொறந்துட்டா! தூங்கி எந்திரிச்சுப் பாக்கறேன், என்னையே பாக்கறா!”

“ஆத்தா, தாயே!” என்று நஞ்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெண்மதி துணியைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். கோபமே படவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

“நெசமாவாங்க? அம்மாவேவா?”

“சத்தியமா!”

“அப்படின்னா இது இனிமே வூடில்லீங்க, கோயிலு. நஞ்சம்மாக்கா, எல்லாருக்கும் சொல்லிருங்க. ஆயுசுக்கும் இந்த வாசப்படி தாண்டிக் கவிச்சி வராது.”



“ஆயுசுக்குமா? ஒருவேள... மனுசங்க யாராச்சும் வரைஞ்சிருந்தா?”

“அது வேறங்க. அப்ப வூட்டு விரதம் முடிஞ்சுது. கண்ணு தொறந்தவங்க மட்டும் ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, சுத்தமா இருக்கணும்.”

ஆயுசு பெரிசா, நாற்பத்தெட்டு நாள் பெரிசா? கணக்கில் நான் புலி.

“நான்தான் வரைஞ்சேன்” என்றேன், நஞ்சம்மாள் சாட்சியாக. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்ட கையை இடுப்பில் வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

சனிக்கிழமையே துணி ஓசூர் பஸ் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வெந்தது. மிளகும் சீரகமும் வறுபட்ட வாசனையில் தெருவே திரும்பிப் பார்த்தது. நஞ்சம்மாள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் போனது. எனக்குத் தயிர்ச்சோறு. வயிறு எரிந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

வெண்மதி நல்லி எலும்பை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தாள்.

“சும்மா சொல்லக்கூடாதுங்க. ஓசூர்ல இருந்து போன் வந்துச்சு. எந்தப் பக்கம் நின்னாலும் அம்மன் பாக்கறாளாம். அதே கண்ணு வேணும்னு இன்னும் ஆறு ஆர்டர். ஒரு மண்டலம் முடிஞ்சதும் அடுத்ததுக்குக் குச்சியப் புடிச்சிருங்க.”