மெர்மேயின் ஒழுக்க விடுதி

"ஜெபம் சொல்லு, ஊத்துறேன்" என்றார் மெர்மே. ஒயின் ஜாடி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

புர்தே நீட்டிய கோப்பையை இழுத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து ஏரித்துறையில் உப்பு மூட்டை இறக்கிவிட்டு வந்திருந்த படகுக்காரன். "எதுக்கு ஜெபம்?"

"இனிமே சாப்பிடுறதுக்கு முன்னாடி ஜெபம், குடிக்கிறதுக்கு முன்னாடி ஜெபம். சொல்லாதவனுக்கு ஒரு சொட்டுகூட ஊத்தக்கூடாதுன்னு போதகர் உத்தரவு."

"இத்தனை வருஷமா ஊத்துனியேண்ணே."

"அப்ப இது ஒயின் கடை. இப்ப இது ஒழுக்க விடுதி."

பிஷப்பைத் துரத்திவிட்ட அந்த நகரத்தில் கோயில்களைச் சீர்திருத்துவது சுலபமாகத்தான் இருந்தது. சிலைகளை இறக்கினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், முடிந்தது. மனிதர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க முடியவில்லை. பிரான்ஸிலிருந்து வந்து சேர்ந்த போதகர் அன்செல்ம் அந்த வேலையைத்தான் கையில் எடுத்திருந்தார். முதலில் நடனம் போனது. அடுத்தது சீட்டாட்டம். இப்போது ஊரிலிருந்த ஒயின் கடைகள் எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டு, பேட்டைக்கு ஒன்றாக ஒழுக்க விடுதி திறந்தார்கள். மேசையில் வேதாகமம் விரித்திருக்க வேண்டும். கெட்ட வார்த்தை கூடாது. வேதாகமத்துச் சங்கீதங்கள் தவிர வேறு பாட்டுக் கூடாது. யாராவது மீறினால் கடைக்காரர் கோயில் மூப்பர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கும் அதே தண்டனை.

துறைமுகப் பேட்டைக்கு மெர்மேயின் கடையைத் தேர்ந்தெடுத்தபோது அவர் காலில் விழாத குறையாக நன்றி சொன்னார். அவர் கணக்கு எளிமையானது. ஊரில் குடிக்க வேறு இடமே இல்லையென்றால் எல்லோரும் இங்கேதானே வந்தாக வேண்டும்?

"வந்தா சரி" என்றாள் அவர் மனைவி ஜாக்மா. அவள் சொன்னது அவ்வளவுதான்.

புர்தே பெருமூச்சு விட்டுக் கண்களை மூடினான். "பாத்தர் நோஸ்தர், க்வி எஸ் இன்..."

மெர்மே பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். "டேய்! அது லத்தீன்! போப்பு காலத்து ஜெபம்!"

"எங்கம்மா சொல்லிக்குடுத்தது இதுதான். ஏன், கடவுளுக்கு லத்தீன் மறந்துபோச்சா?"

"நம்ம பாஷையில சொல்லு."

"நம்ம பாஷையில எனக்கு வர்றதெல்லாம் கெட்ட வார்த்தைதான். புனித நிக்கொலாவோட தாடிமேல சத்தியமா சொல்றேன், வேற ஒண்ணும் தெரியாது."

மூலையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. பேட்டை மூப்பர் அமியே, துணி வியாபாரி, அங்கே உட்கார்ந்திருந்ததை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள். "சத்தியம் பண்ணினது ஒரு குத்தம்" என்றார் அவர். "புனிதர் பேரச் சொன்னது ரெண்டாவது."

"தாடி மூணாவதா ஐயா?" என்று கேட்டான் புர்தே.

கேட்காமல் இருந்திருக்கலாம். மூப்பர் சபை அவனைக் கூப்பிட்டு, கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் முழங்கால் போடவைத்தது. அதற்குப் பிறகு அவனோ, மற்ற படகுக்காரர்களோ, வண்டிக்காரர்களோ மெர்மேயின் வாசல் பக்கம் தலை வைக்கவில்லை. மேசைகளைத் துடைத்துத் துடைத்து அவர் கை வலித்தது. வேதாகமத்தின் மேல் ஈ உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தது.

போதகர் அன்செல்ம் நேரில் வந்தார். ஒல்லியான மனிதர். வயிற்றுக் கோளாறு, வெந்நீர் மட்டும்தான் குடிப்பார். காலிப் பெஞ்சுகளைச் சுற்றிப் பார்த்தார்.

"மெர்மே, நான் கடைய மூடச் சொல்லல. ஒழுங்கா நடத்தச் சொன்னேன். இப்படி ஈயாடுனா நகர சபையில இருக்கிற என் எதிரிங்க என்ன சொல்லுவாங்க தெரியுமா? 'பாத்தீங்களா, போதகர் விடுதியில ஒருத்தனும் இல்ல'ன்னு சிரிப்பாங்க."

"ஐயா, ஜெபத்தக் கொஞ்சம்..."

"ஜெபத்தத் தொடாதேயும். இலையுதிர் சந்தைக்குள்ள இந்த இடம் நிறைஞ்சிருக்கணும். நிறைக்க உம்மால முடியலன்னா முடியுறவருக்குக் கொடுப்போம். நீர் வேற ஊரு பாத்துக்கலாம்."

அன்றிரவு மெர்மே சாப்பிடவில்லை. வேற ஊர் என்றால் ஏரிக்கு அந்தப் பக்கம், இன்னும் போப்பை நம்பிப் பூசை வைக்கிற ஆட்கள் ஊர். அங்கே போனால் ஒழுக்க விடுதி நடத்திய மதத்துரோகி என்று தோலை உரிப்பார்கள்.

மறுநாள் அவர் ஒரு அறிவிப்புச் செய்தார். வேதாகமத்திலிருந்து ஒரு பகுதி வாசித்து, ஒரு சங்கீதமும் பாடுகிறவருக்கு வெங்காய சூப் இலவசம்.

ஆட்கள் வந்தார்கள்! முதலில் கையுறை தைப்பவர் வந்தார். சற்று நேரத்தில் பத்திரம் எழுதுபவர். அடுத்து நாவிதர். வெள்ளைக் காலர், சுத்தமான நகம், மெதுவான பேச்சு. இவர்களில் ஒருவரையும் மெர்மே இதற்கு முன் தன் கடையில் பார்த்ததில்லை. வார இறுதிக்குள் பெஞ்சுகள் நிரம்பிவிட்டன.

"பாத்தியா?" என்றார் ஜாக்மாவிடம். "தரமான கூட்டம்."

"தரமெல்லாம் சரிதான். மத்தியானத்துலேர்ந்து அந்த ஒரே கோப்பையப் புடிச்சுட்டு உக்காந்திருக்காங்களே, பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு ஜாக்மா உள்ளே போனாள்.

அது உண்மைதான். அவர்கள் குடிக்கவில்லை. நனைத்த உதட்டைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து மேசையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெபம் மட்டும் நீண்டுகொண்டே போனது. கையுறைக்காரர் தன் சூப்புக்காக நன்றி சொல்லி முடித்தால், பத்திரக்காரர் அந்தச் சூப்பில் போட்ட வெங்காயத்துக்கும், அதை விளைத்த மண்ணுக்கும், மண்ணில் பெய்த மழைக்கும் நன்றி சொன்னார். நாவிதர் சும்மா இருப்பாரா? ஆதாமிலிருந்து ஆரம்பித்தார்.

ஜெபம் நடக்கும்போது அசைவது குற்றம். மெர்மே தலையைக் குனிந்து நின்றார். அடுப்பில் அடுத்த சட்டி சூப் இருந்தது. கருகும் வாசனை வந்தது. நாவிதர் அப்போதுதான் நோவாவின் பேழைக்கு வந்திருந்தார்.

இதைச் சரிசெய்ய மெர்மே ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லா மேசைக்கும் சேர்த்து ஒரே ஜெபம், அதையும் கையுறைக்காரர் மட்டும் சொல்வார்.

அதோடு அமைதி போனது.

"அவரு ஏன் சொல்லணும்?" என்றார் பத்திரக்காரர். "எனக்கு வேதம் தெரியாதா?"

"சண்டை வேண்டாம் ஐயா. சூப் குடிங்க. லேசா அடிப்பிடிச்சிருக்கு, மன்னிச்சுக்குங்க."

"நீ ஏம்ப்பா மன்னிப்புக் கேக்குற? இந்தச் சூப் இன்னைக்கு அடிப்பிடிக்கணும்னு உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடியே தீர்மானமாயிருச்சு" என்றார் பத்திரக்காரர்.

"தப்பு" என்றார் கையுறைக்காரர். "அவன் சட்டியக் கிண்டல. அது மனுஷன் செஞ்ச குத்தம்."

நாவிதர் மெல்லத் திரும்பினார். "அப்ப கடவுளுக்குத் தெரியாமலே சூப் அடிப்பிடிச்சிருச்சுங்கிறீங்க?"

"நான் அப்படிச் சொல்லல!"

"சொன்னீங்க. எல்லாரும் கேட்டோம்" என்று நாவிதர் ஒரு தாளில் எதையோ கிறுக்கினார்.

"நீங்க எதுக்கு அதக் குறிச்சு வச்சுக்கிறீங்க?"

"நீங்க எதுக்கு நான் குறிக்கிறதப் பாக்குறீங்க?"

யார் முதலில் கை ஓங்கியது என்று பிற்பாடு யாராலும் சொல்ல முடியவில்லை. மெர்மேயின் கடையில் ஜாடி உடைந்ததுண்டு, பெஞ்சு உடைந்ததுண்டு, ஒருமுறை புர்தேயின் பல் உடைந்ததுண்டு. வேதாகமத்தின் அட்டை உடைந்தது இதுதான் முதல்முறை. அது பத்திரக்காரரின் தலைமேல் உடைந்தது.

மூப்பர் சபையிலிருந்து ஆள் வந்தபோது மெர்மே ஏற்கனவே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்.

"பெட்டியக் கட்டி வை" என்றார் ஜாக்மாவிடம்.

"முதல்ல போயிட்டு வாங்க" என்றாள் அவள்.

நீண்ட மேசைக்குப் பின்னால் போதகர் அன்செல்ம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூப்பர் அமியே. மற்ற நாற்காலிகள் பலவும் காலியாக இருந்தன.

"மெர்மே, ரெண்டு விஷயம்" என்றார் போதகர். "முதல்ல நல்லது. உம்ம பேட்டைப் படகுக்காரங்க, வண்டிக்காரங்க எல்லாரும் இப்ப கோயிலுக்கு வர்றாங்க. ஞாயித்துக்கிழமை காலையில வர்றாங்க, சாயங்காலமும் வர்றாங்க. புதன்கிழமைப் பிரசங்கத்துக்கே வர்றாங்க! அதுக்கு என் சொந்த மாமனாரே வர்றதில்ல."

மெர்மேக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "புர்தேயுமா?"

"அவர்தான் முதல் ஆளு. பின்னாடித் தூணுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிறாங்க. தலையக் குனிஞ்சபடியே கேக்குறாங்க. சங்கீதம் பாடுறப்ப அப்படி ஒரு சத்தம். போன வாரம் நான் மனந்திரும்புதலைப் பத்திப் பேசி முடிக்கிறப்ப ரெண்டு பேரு கட்டிப்புடிச்சு அழுதாங்க. ஒழுக்க விடுதின்னு ஒண்ணு திறந்ததோட பலன் இதுதான்."

போதகரின் கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன. அவருக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் சந்தோஷமாக இருக்கலாம்.

"ரெண்டாவது விஷயம்தான் புரியல" என்று தொடர்ந்தார். "முன்வரிசையில உக்கார்ற பெரிய மனுஷங்க யாரையும் காணோம். கையுறை தைக்கிறவரு வாரக்கணக்கா பிரசங்கத்துக்கு வரல. கேட்டா உம்ம விடுதியில இருக்காராம். அங்க என்ன செய்யிறாரு?"

மூப்பர் அமியே தொண்டையைச் செருமினார். "அவர நான்தான் அனுப்பினேன் ஐயா. அங்க யாரு என்ன பேசுறாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லச் சொல்லி."

"வேவு பாக்கவா? சரி. பத்திரம் எழுதுறவரு?"

"அவர நகர சபை அனுப்பிச்சு. கையுறைக்காரரு என்ன சொல்றாருன்னு பாக்க."

"நாவிதர்?"

அமியே மேசையைப் பார்த்தார். "அவர நீங்கதான் ஐயா அனுப்பினீங்க. பத்திரக்காரர் மேல சந்தேகமா இருக்குன்னு."

போதகர் வெந்நீர்க் கோப்பையை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தார்.

"மத்தவங்க?" என்று மெல்லக் கேட்டார் மெர்மே. "ஜன்னலோரம் நாலு பேரு உக்காருவாங்களே?"

"அவங்க நம்ம மூப்பருங்க. நாவிதர் சண்டைக்காரர்னு கேள்விப்பட்டு, ஒருத்தர்கிட்ட ஒருத்தரு சொல்லாம வந்திருக்காங்க."

"அப்ப குடிக்கிறதுக்குன்னு ஒருத்தன்கூட வரலையா ஐயா?"

மெர்மேக்கு அவமானமாக இருந்தது. இலவச சூப் கொடுத்து அவர் சேர்த்த தரமான கூட்டம் முழுவதும் ஒருவரை ஒருவர் பார்க்க வந்த கூட்டம்.

போதகர் அன்செல்ம் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். அவர் பிடிவாதக்காரர்தான், ஆனால் முட்டாள் அல்ல. திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார். ஒழுக்க விடுதி கலைக்கப்படுகிறது. வேவு பார்க்கப் போன எல்லோரும் வருகிற புதன்கிழமை முதல் கோயிலில் அவரவர் இடத்துக்குத் திரும்ப வேண்டும். மெர்மே பழையபடி ஒயின் கடை நடத்தலாம். ஒரே நிபந்தனை, கடைக்குள் இனி யாரும் ஜெபம் செய்யக்கூடாது.

"கடையில தோத்தா என்ன?" என்றார், பாதி தனக்குத்தானே. "கோயில்ல ஜெயிச்சிருக்கோம்."

மெர்மே வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னார். ஜாக்மா கட்டாத பெட்டிமேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"புர்தே கோயிலுக்குப் போறானாம்டி! அழுவுறானாம்!"

"ஆமா, நானும் பாத்தேன்" என்றாள் அவள்.

செய்தி துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மத்தியானம் படகுக்காரர்களும் வண்டிக்காரர்களும் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். மெர்மே வாசலுக்கே போய் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். ஜாடிகள் நிரம்பின. யாரும் கண்ணை மூடவில்லை. ஆனாலும் யாருடைய முகத்திலும் சிரிப்பில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடா புர்தே, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்க? எப்பவும் போல திட்டு. வேணும்னா நிக்கொலா தாடியக்கூட இழுத்துக்க."

"இல்லண்ணே... அங்க பழகிருச்சு" என்றான் புர்தே.

மெர்மே உருகிப்போனார். அந்த நேரத்தில் கதவு திறந்தது. போதகர் அன்செல்ம் நின்றார். எல்லோரும் எழுந்தார்கள். அவர் கையமர்த்தினார்.

"உக்காருங்க. நான் கண்டிக்க வரல. உங்களப் பாத்துட்டுப் போக வந்தேன்." நேரே புர்தேயிடம் வந்து அவன் தோளில் கை வைத்தார். "தம்பி, உன்ன வாசல்ல முழங்கால் போட வச்சோம். நீ கோவப்படாம உள்ள வந்து உக்காந்த. அத நான் மறக்க மாட்டேன்."

புர்தே தரையைப் பார்த்தான். ஜாக்மா அடுப்படிப் பக்கம் நகர்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன்" என்றார் போதகர். "இப்ப கடை திறந்திருச்சு. அதுக்காகக் கோயில விட்டுறாதீங்க. புதன்கிழமைப் பிரசங்கத்துக்கு வருவீங்களா?"

படகுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புர்தே யோசித்தான். போதகரிடம் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பி, மரியாதையாகவே கேட்டான்:

"அண்ணி, புதன்கிழமை நீங்க ஒயின் குடத்தத் தூணுக்குப் பின்னாடி கொண்டாருவீங்களா, இல்ல இனிமே இங்க மட்டும்தானா?"