நான் கவிழ்த்த கப்பல்

பிறர் எழுதியதைத் திருத்தாமல் படிக்க இயலாத நோய் ஒன்று எனக்கு உண்டு. திருமண அழைப்பிதழ் வந்தால் மணமக்கள் யாரென்று பார்க்குமுன் எழுதுகோலைத் தேடுவேன். மின்தடை அறிவிப்பு, மருந்துக் குப்பியின் மேலொட்டு, உணவகத்தின் விலைப்பலகை எவையும் என்னிடமிருந்து தப்பியதில்லை. (கல்லறைத் தோட்டத்தில் சுண்ணக்கட்டியும் கையுமாகப் பிடிபட்டது தனிக்கதை. அதை என் மனைவி சொன்னால்தான் சுவைக்கும்.) கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற பின்னர், திருத்துவதற்கு விடைத்தாள் வராமற்போனதால் நோய் முற்றிற்று.

அந்நிலையில்தான் அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கைப்பேசி வழியே பரவும் பொய்ச்செய்திகளை நம் புதுச்சேரியில் எவ்வாறு கட்டுப்படுத்துவது என்று பரிந்துரைக்க ஓர் ஆலோசனைக் குழு அமைத்திருந்தார்கள். பரிந்துரையைப் பிழையற எழுதித்தர ஒருவர் தேவைப்பட்டார் என்பதே என்னைச் சேர்த்ததன் முழுக்காரணம். நானோ, என் தொழில்நுட்ப அறிவின் புகழ் அரசின் காதுவரை எட்டிவிட்டதாக எண்ணிச் சலவைச் சட்டை அணிந்து சென்றேன். உண்மையில், இணையம் என்பது எங்கோ ஒரு பெருங்கட்டடத்தில் இருப்பதென்றும், அதற்கொரு வாயிற்காவலர் உண்டென்றும், அவரிடம் முறைப்படி விண்ணப்பித்தால் நிறுத்தித் தருவாரென்றும் அந்நாளில் நான் நம்பியிருந்தேன்.

முதற்கூட்டத்திலேயே முழங்கினேன். “பொய்ச்செய்திகளை எல்லையிலேயே தடுத்தல் வேண்டும்” என்றேன்.

கூட்டத்தை நடத்திய துணைச் செயலர் அம்மையார் பொறுமைசாலி. “ஐயா, எந்த எல்லையில தடுக்கிறது? சட்டம் டெல்லில இருக்கு. கம்பெனி வெளிநாட்ல இருக்கு. இங்க போடற மெசேஜ் கோரிமேட்டத் தாண்டி தமிழ்நாட்ல ஒரு சுத்து சுத்திட்டு, கடலூர் ரோடு பிடிச்சி தவளக்குப்பம் வழியா நம்மகிட்டயே திரும்பி வருது. சாராயம்னா வண்டிய நிறுத்திப் பாக்கலாம். இத எப்பிடிப் பாக்கறது?”

“அரசிடம் கருவி ஏதும் இல்லையா?”

“இருக்கே. மைக் கட்டின ஆட்டோ ஒண்ணு.”

எல்லோரும் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. கடலை வேலியிட்டு அடைக்க முடியாதெனில், கல்லெறிந்தவனைப் பிடிக்கலாமே என்றேன். ஒரு பொய்யை முதன்முதலில் எழுத்தில் வடித்தவனைக் கண்டுபிடித்து, எவருக்கு இழப்பு நேர்ந்ததோ அவர்கள் நடுவிலே நிறுத்தி, அவன் வாயாலேயே மறுக்கச் செய்தல் வேண்டும். அவனுக்கு ‘முதற்படைப்பாளன்’ என்று பெயரும் சூட்டினேன். அம்மையார் அதைப் பரிந்துரையின் ஐந்தாம் பிரிவாகச் சேர்த்துக்கொண்டார். வீடு திரும்பும் வழியில் அந்தப் பிரிவை இருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஓசை நன்றாக இருந்தது.

அதே வாரம் சனிக்கிழமை, எங்கள் தெருவின் கைப்பேசிக் குழுவில் ஒரு செய்தி வந்தது. “ப்ளீஸ் யாரும் மீன் சாப்டாதிங்க கடல்ல கெமிகல் கப்பல் கவுந்துச்சி அல்லாருக்கும் சேர் பன்னவும்.” பலர் கைமாறி வந்ததற்கான குறியும் அதன் தலையில் இருந்தது. கப்பல் கவிழ்ந்ததைவிட அந்த வாக்கியம் கவிழ்ந்து கிடந்ததுதான் எனக்குப் பெருந்துயர் அளித்தது. கண்ணாடியைத் துடைத்து அணிந்து, ஒற்றை விரலால், முற்பகல் முழுதும் செலவிட்டுப் புதிதாகத் தட்டெழுதினேன்.

“அன்புடையீர், வேதிப்பொருள் ஏற்றிவந்த கப்பலொன்று நம் கடற்பரப்பில் கவிழ்ந்தமையால், கடல்மீன் உண்பதை மறு அறிவிப்பு வரும்வரை அறவே தவிர்ப்பது பொதுநலத்திற்கு உகந்ததாகும். நாவின் சுவையினும் நலமே பெரிதென உணர்க.”

அனுப்பினேன். கைமாறி வந்ததற்கான குறி இப்போது இல்லை. அன்று பிறந்த குழந்தைபோல் அது தூய்மையாக இருந்தது. (அந்தக் குறி எதற்கென்று எனக்கு அப்போது தெரியாது. அழுக்கு என்றே நினைத்தேன்.)

மறுநாள் ஞாயிறு. கூடையை எடுத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் புறப்பட்ட மனைவி மரகதத்தைத் தடுத்தேன்.

“மீன் வேண்டாம். அறிவிப்பு வந்துள்ளது.”

“அத எழுதினதே நீங்கதான? நேத்தெல்லாம் டொக்கு டொக்குன்னு தட்டிக்கினு இருந்தீங்க.”

“எழுத்து என்னுடையது. செய்தி என்னுடையதன்று.”

“அப்ப செய்தி யாருது?”

இக்கேள்விக்கு விடை கண்டிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திராது. அன்று கத்தரிக்காய்க் குழம்பு.

மாலைக்குள் என் அறிவிப்பு என்னிடமே திரும்பத் தொடங்கியது. கடலூரிலிருந்து என் மைத்துனர் அனுப்பினார். பாரிசில் வாழும் மகள் தொலைபேசியில் அழைத்து, “அப்பா, கவர்மெண்ட்டே சொல்லிடுச்சு, மீன் பக்கமே போவாதீங்க” என்றாள். அவள் அனுப்பிய படியில் ‘அரசு அறிவிப்பு’ என்று தலைப்பும், ஏதோ ஒரு முத்திரையும் சேர்ந்திருந்தன. அதைக் கண்டு நான் அஞ்சியிருக்க வேண்டும். பெருமிதம் கொண்டேன். அரசே என் சொற்களை ஒரு புள்ளியும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டதெனில், கப்பல் உண்மையில் கவிழ்ந்திருக்கத்தானே வேண்டும்?

குழுவின் அடுத்த கூட்டம் செவ்வாயன்று. நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் மீன்வாசம் நிறைந்திருந்தது. கடலோரக் குப்பங்களைச் சேர்ந்த மீன்காரப் பெண்கள் கூடைகளோடு வந்து, மேசைகளுக்கு நடுவே இறக்கி வைத்திருந்தனர். முன்னால் நின்றவள் அஞ்சலை. எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொடுப்பவள்.

“பாரும்மா,” என்று துணைச் செயலரிடம் கூடையைச் சாய்த்துக் காட்டினாள். “அத்தினியும் சங்கரா. ஒரு ஈ காக்கா வரல. நானும் ஐஸ் போடறேன், ஐஸ் போடறேன், ஐஸ் விக்கிறவன்தான் பொழைக்கிறான். இன்னிக்கும் விக்கலன்னா நாளைக்கு எங்க ஆம்பளைங்க கடல்ல போட்டத் தள்ள மாட்டாங்க. கப்பலும் கவுரல, ஒண்ணும் கவுரல. எழுதினவன் எவன்னு காட்டுங்க, போதும்.”

கப்பல் எதுவும் கவிழவில்லை என்று துறைமுகத்திலிருந்தும் எழுத்தில் பெற்றிருப்பதாக அம்மையார் சொன்னார். அந்நேரத்தில்கூட எனக்கு உறைக்கவில்லை என்பதை நாணத்துடன் பதிவு செய்கிறேன். என் மனத்தில் வதந்தி என்பது ‘சேர் பன்னவும்’ என்று வந்ததே. என்னுடையது உரைநடை. ஆகவே எழுந்து நின்று, “ஐந்தாம் பிரிவை இன்றே செயற்படுத்துக. அம்முதற்படைப்பாளனை இப்பெண்கள்முன் நிறுத்துக” என்று மேசையைத் தட்டினேன். அஞ்சலை என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இணையக் குற்றப் பிரிவிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் ஒருவர், “இதுதான் சார் சுத்தறது” என்று கைப்பேசியை எடுத்து உரக்கப் படிக்கலானார். முதற்சொல்லே என்னுடையது. ‘அன்புடையீர்.’

அப்போதும் தப்பியிருக்கலாம். வாய் மூடியிருந்தால் போதும். ஆனால் அவர் படித்த விதம் இருக்கிறதே, அதை எழுதியவன் எவனும் பொறுக்கமாட்டான். நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடினார், ஓட வேண்டிய இடத்தில் இருமினார். நான் விரல்நகத்தைக் கடித்துப் பொறுத்தேன். கடைசி வாக்கியத்திற்கு வந்தார்.

“நாவின்... சுவை... சுவையி... என்னா சார் இது...”

“நாவின் சுவையினும் நலமே பெரிதென உணர்க” என்றது என் வாய். ஏற்ற இறக்கத்தோடு, வலக்கையை உயர்த்தி.

ஆய்வாளர் கைப்பேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கரெக்டா சொல்றீங்களே சார்” என்றார். துணைச் செயலர் அம்மையார் ஐந்தாம் பிரிவு இருந்த தாளை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, அதைப் படிப்பதுபோல் முகத்தை மறைத்தார். அவர் தோள்கள் குலுங்கின.

அஞ்சலை இடுப்பில் கைவைத்தாள். “நீயா வாத்தியாரே? நீ எழுதினதாலதான்யா அல்லாரும் நம்பிட்டானுங்க. எவனோ அரைகுறையா எழுதியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பான்.”

என் எழுத்துக்கு வாழ்நாளில் கிடைத்த ஆகச்சிறந்த மதிப்புரை அது. வாங்கிக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

அரசின் ஒரே கருவியாகிய ஆட்டோவில் என்னை ஏற்றினார்கள். பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதிக்குமுன் நிறுத்தி, ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். தொலைவில் தயங்கி நின்ற சிலரை நோக்கித் தொடங்கினேன். “பெருமதிப்பிற்குரிய நுகர்வோரே, அண்மையில் என்னால் வெளியிடப்பெற்ற அறிவிப்பின்கண் குறிக்கப்பெற்ற கப்பலானது...”

கப்பல் என்ற சொல் காதில் விழுந்ததும், நின்றிருந்த சிலரும் நடையைக் கட்டினர். “இன்னொண்ணு கவுந்துச்சாம்டா” என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

“ஐயோ, நிறுத்து வாத்தியாரே,” என்று அஞ்சலை ஆட்டோவுக்குள் கையை விட்டு ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். “நீ பேசப் பேச கூட்டம் கலையுது. மீன் சாப்புடலாமா, கூடாதா? அத்த மட்டும் சொல்லு.”

“உண்ணலாம்.”

“வாயால சொன்னா எவன் நம்புவான்? எறங்கு. வாங்கு.”

இறங்கினேன். ஒரு முழு சங்கராவை என் கையில் திணித்தாள். செவுளில் விரல்விட்டு, தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நிற்கச் சொன்னாள். சலவைச் சட்டையின் கைவழியே குளிர்ந்த நீர் அக்குள்வரை ஓடிற்று. “பாத்துக்கோங்க, எழுதினவரே வாங்கிட்டாரு” என்று அவள் கூவினாள். வெற்றிலைக்காரர் ஒருவர் வந்தார். பின்னர் இரண்டு பெண்கள் வந்தனர். அரைமணியில் நெரிசல். எல்லாக் கூடைகளும் காலியாகும்வரை நான் அப்படியே நின்றேன். கை மாற்றிக்கொள்ள மட்டும் இசைவளித்தாள்.

அவள் என் தலையில் கட்டிய மீன் ஞாயிற்றுக்கிழமையது என்பது வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. மரகதம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “நெசமாவே கெமிக்கல் கப்பல் கவுந்திருந்தாக்கூட இவ்ளோ நாறாது.”

குழுவின் பரிந்துரை எந்த அலமாரியில் உறங்குகிறதோ அறியேன். நடைமுறைக்கு வந்தது அஞ்சலை வகுத்த விதி ஒன்றே. அந்நிகழ்வுக்குப் பின் அவள் தன் வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு கைப்பேசிக் குழு தொடங்கினாள். ஞாயிறுதோறும் காலையில் நான் அவள் கடைமுன் நிற்க வேண்டும். அன்றைய மீனில் பெரியதை ஏந்த வேண்டும். அவள் படமெடுத்துக் குழுவில் இடுவாள். நான் உடன் நில்லாத மீனை எங்கள் வட்டாரத்தில் ஒருவரும் வாங்குவதில்லை. ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது, வஞ்சிரத்தோடு வீட்டுக்கே வந்து கட்டிலில் வைத்தே என்னைப் படமெடுத்துக்கொண்டு போனாள்.

அப்படங்களும் கோரிமேட்டைத் தாண்டி, கடல்களைத் தாண்டிச் செல்கின்றன. பாரிசில் என் மகள் வீட்டில் என் நலத்தைக் கேட்டுத் தொலைபேசுவதை விட்டுவிட்டார்கள். ஞாயிறன்று கைப்பேசியைப் பார்த்துவிட்டு மருமகன் உள்ளே குரல் கொடுப்பாராம்: “மாமா நல்லாத்தான் இருக்காரு. வவ்வால் மீன்தான் கொஞ்சம் எளைச்சிருக்கு.”