திராட்சைத் தோட்டத்துக்கு வர இயலாமை குறித்து

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை,
புதன்கிழமை.

அன்பு மகள் தமிழ்செல்விக்கு,

அப்பாவின் ஆசிகள். மாப்பிள்ளை பிரசாத் அவர்களுக்கு என் மரியாதையைத் தெரிவிக்கவும். இங்கே நான் சுகம். உன் அம்மாவும் சுகம். இரண்டு பேரும் சேர்ந்துதான் சுகமாக இல்லை. இதை ஃபோனில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் ஃபோனை எடுத்தாலே உன் அம்மா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள். ஆகவே கூரியரில் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்காக நீங்கள் ஏற்பாடு செய்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு எங்களால் வர இயலாது. விடியற்காலையில் நந்தி மலைப் பக்கம் ஒரு குன்றில் ஏறிச் சூரியோதயம் பார்ப்பது, இறங்கி வந்து ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒயின் ருசி பார்ப்பது, அங்கேயே சாப்பாடு, பிறகு இன்னொரு தோட்டம், இன்னொரு ருசி, சாயந்திரம் வீடு என்று மாப்பிள்ளை போட்டு அனுப்பிய திட்டத்தில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கூட்டுறவுச் சங்கச் செயலாளராக எத்தனையோ பேரவைக் கூட்டம் நடத்தியவன் நான். இவ்வளவு ஒழுங்காக ஒன்றைக்கூட நடத்தியதில்லை. கோளாறெல்லாம் இந்தப் பக்கம்தான்.

முதலில் மலை. ஷூ போட்டு நடந்து பழகுங்கள் என்று சொல்லி ஒரு ஜோடி அனுப்பினாய் அல்லவா, டிராக்டர் டயரை அறுத்துச் செய்த மாதிரி? அதைப் போட்டுக்கொண்டு கிரிவலப் பாதையில் இறங்கினேன். எல்லோரும் வெறுங்காலோடு போகிறார்கள், நான் மட்டும் திம் திம்மென்று போகிறேன். ஆசிரமத்துப் பக்கம் எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், அவளும் வெறுங்கால்தான், என் காலைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே போனாள். சின்ன வயதிலிருந்து சுற்றுகிற எனக்கு நேற்று வந்தவளிடம் அவமானம். சரி, மலை ஏறுவதும் படி ஏறுவதும் ஒன்றுதானே என்று மறுநாள் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற கலெக்டர் ஆபீஸ் மாடிப்படியில் ஏறி இறங்க ஆரம்பித்தேன். அது போன வாரத் திங்கட்கிழமை, மனு கொடுக்கும் நாள் என்பது மறந்துபோயிற்று. முழுக்கைச் சட்டை, பளபளவென்று ஷூ, விறுவிறுவென்று போய் விறுவிறுவென்று வருகிற ஒரு ஆள். ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? மூன்றாவது முறை இறங்கும்போது என் பின்னால் ஒரு சிறிய ஊர்வலமே இருந்தது. முன்னால் வந்தவள் பச்சையம்மாள் என்று ஒரு கிராமத்து அம்மாள். அவள் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரன் வேலி போட்டு அடைத்துவிட்டானாம்.

"சார், ஏறிக்கினே இருக்கீங்க, எறங்கிக்கினே இருக்கீங்க. ஒரு எடத்துல குந்த மாட்டீங்களா? நானும் எவ்ளோ நேரம் தொரத்தறது?"

"நான் ஆபீசர் இல்லம்மா. பெங்களூருல ஒயின் குடிக்கப் போறேன், அதுக்குப் பழகிக்கினு இருக்கேன்" என்று மூச்சு வாங்கிய வேகத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அய்யோ பாவம். ஊட்ல யாரும் இல்லியா சார் உனுக்கு?" என்றாள். "சார்" போகவில்லை, "ங்க" போய்விட்டது. அப்புறம் மனசு கேட்காமல் அவள் கூடவே வரிசையில் நின்று, மனுவைக் கொடுக்கவைத்து, சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வீடு வந்தேன். அவள் பையிலிருந்து வேகவைத்த மல்லாட்டைக் கடலை ஒரு பொட்டலம் கொடுத்தாள். பத்தியம் மாதிரி சாப்பிடச் சொன்னாள்.

அடுத்தது ஒயின். எனக்கு ஒரு பழக்கமும் கிடையாது என்பது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை முன்னால் திருதிருவென்று முழிக்கக் கூடாதே, சாமான் என்ன நிறம், என்ன புட்டி என்றாவது தெரிந்துகொள்ளலாமே என்று ஊருக்கு வெளியே இருக்கிற அந்தக் கடைக்குப் போனேன். நம் ஊரில் எல்லோரும் அதை ஒயின் ஷாப் என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே ஒயினைத் தவிர எல்லாம் இருக்கிறது. "பெருசு, பிராந்தி கேளு, ரம்மு கேளு, எடுத்துத் தரேன். ஒயின்லாம் யாரு கேக்கறா இங்க?" என்கிறான் உள்ளே இருந்தவன். சரி, படமாவது இருக்குமா என்று நான் கம்பிக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுத் திருமலை பார்த்துவிட்டார். சாயந்திரமே குடியிருப்போர் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடு வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, ரிட்டயர்மெண்ட்டுக்கு அப்புறம் மனசு இப்பிடித்தான் போவும். நல்ல டாக்டர் இருக்காரு. நாங்களே கூட்டிக்கினு போறோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அந்தக் கடைக்கு எதற்கு வந்தார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "எங்க ஊட்டுக்காரரு குடிக்கணும்னு ஆசப்பட்டா நானே ஊத்திக் குடுப்பேன். நீங்க டீய குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றாள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, தமிழு. நாற்பது வருஷத்தில் எனக்காக அவள் பேசிய வசனத்திலேயே அதுதான் பெரிசு.

அந்தப் பெயரை மறுநாளே கெடுத்துக்கொண்டேன். நீ அனுப்பிய வீடியோவில் ஒரு தாடிக்காரர் ருசி பார்க்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறார் அல்லவா? கிளாஸைச் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும், சுழற்ற வேண்டும், மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்ட வேண்டும், அப்புறம் துப்பிவிட வேண்டும். இதைப் பழகுவதற்கு வீட்டில் சிவப்பாக என்ன இருக்கிறது? தக்காளி ரசம்தான். ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிச் சுழற்றி, மோந்து, உருட்டி, அந்தத் தாடிக்காரர் மாதிரியே உரக்க, "புளிப்பு கொஞ்சம் ஜாஸ்தி. கடைசியில மிளகு வருது. ஒரு மண்ணு வாசன இருக்குது" என்று சொல்லித் தொட்டியில் துப்பிவிட்டுத் திரும்பினால், வாசற்படியில் உன் அம்மா.

"என்னாங்க பண்றீங்க?"

"ருசி பாக்கறேன்."

"ருசி பாத்தா முழுங்கணும். துப்பிட்டீங்களே?"

"அதான் முறை, சரோஜா."

"அப்போ நாப்பது வருஷமா முழுங்குனீங்களே, அது முறை இல்லியா?"

"மண்ணு வாசன அங்கெல்லாம் பாராட்டு" என்று நான் விளக்கம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து வீட்டில் ரசம் கிடையாது. குழம்பு, அப்புறம் நேராக மோர். நேற்று ராத்திரி பயணப் பேச்சை எடுத்தபோது ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "நான் வரல. நீங்க மூணு பேரும் மோந்து மோந்து பாப்பீங்க. நான் கார்ல குந்திக்கினு கண்ணாடி வழியா மலையப் பாக்கணும். அதுக்கு இங்க வாசல்ல நின்னாலே மலை தெரியுது." அவள் இல்லாமல் எனக்கென்ன கல்யாண நாள்? நான் மட்டும் தனியாக வந்து குன்றின் மேல் நின்றுகொண்டு யாரிடம் சூரியனைக் காட்டுவது?

ஆகவே எங்கள் இரண்டு பேருடைய பதிவையும் ரத்து செய்துவிடவும். நீங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாகப் போய்வாருங்கள். இருட்டில் ஏறும்போது மாப்பிள்ளை கையை விடாதே. வெறும் வயிற்றில் எதையும் ருசி பார்க்காதீர்கள். அண்ணாமலையார் அருளால் உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் பெருகட்டும். சம்பந்தி வீட்டாரை மிகவும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
வேங்கிக்காலை விட்டு ஓரடிகூட அசைவதாக இல்லாத
உன் அப்பா
ராஜமாணிக்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். சாயந்திரம் டவுனுக்குப் போன உன் அம்மா ஒரு பையோடு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது சுடிதார் போட்டிருந்தாள். இலைப் பச்சை. துப்பட்டாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "மலை ஏறும்போது பொடவ தடுக்கும்னு டெய்லர் சொன்னாங்க. நேராப் பாத்து சொல்லுங்க, எப்படி இருக்குது?" என்கிறாள். "வரலன்னு சொன்னியே" என்றேன். "உங்க மேல இருந்த கோவத்துல சொன்னேன். மலை என்னா பண்ணுச்சு என்னை?" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் எட்டி எட்டி நடந்துகொண்டிருக்கிறாள். திருமலை அவர் வீட்டு மாடியிலிருந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், பார்க்கட்டும். நானும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எதையும் ரத்து செய்ய வேண்டாம். சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறோம். பஸ் ஸ்டாண்டில் எங்களைத் தேடும்போது புடவையைத் தேட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் மறக்காமல் சொல்லிவை.