சுழலும், தெளிக்கும், உறிஞ்சும்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். அந்தக் காரணம் 1979ஆம் ஆண்டு, மழை சற்று ஓய்ந்திருந்த ஆவணி மாதத்தில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குக் கைவண்டியில் வந்து சேர்ந்தது.

மரப்பெட்டியை உடைத்து அதை வெளியே எடுத்தபோது, தென்கடல் மலைவிளைபொருள் மேம்பாட்டுக் கழகத்தின் வட்டார மேலாளர் திரு. வெங்கிடராமனின் கண்கள் கலங்கின. பக்கத்துக் கடைக்காரர்கள் மிளகுத் தூசி பட்டிருக்கும் என்று நினைத்தார்கள். அது தூசி அல்ல, ‘முன்னேற்றம்’.

அதன் அதிகாரபூர்வமான பெயர் ‘சுழல்முறைத் தெளித்துறிஞ்சும் தரைத் துப்புரவுப் பொறி’. அடியில் அண்டா மூடி அளவுக்கு ஒரு வட்டமான பிரஷ் சுழலும். ஒரு தொட்டியிலிருந்து சோப்புத் தண்ணீர் தரையில் தெளிக்கப்படும். பிரஷ் தேய்த்து முடித்ததும் அழுக்குத் தண்ணீரை ஒரு குழாய் உறிஞ்சி இன்னொரு தொட்டிக்குள் விட்டுவிடும். வெங்கிடராமனும் தம் உத்தியோக காலம் முழுவதும் ஏறக்குறைய இதையேதான் செய்துவந்தார். மேலிடத்திலிருந்து வந்ததைக் கீழே தெளிப்பார், கீழேயிருந்து வந்ததை உறிஞ்சித் தம்மிடமே வைத்துக்கொள்வார். ஆகவே முதல் பார்வையிலேயே இருவருக்கும் ஒட்டிவிட்டது.

அந்த மெஷினை அவர் முதலில் பார்த்தது பம்பாயில். ‘நிர்வாகத் திறன்’ பற்றிய பயிற்சிக்குப் போயிருந்தார். பயிற்சியில் சொன்னது ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. தங்கியிருந்த ஓட்டலின் தரையில் தம் முகம் தெரிந்தது மட்டும் நினைவில் நின்றது. ஊருக்குத் திரும்பியதும் மெஷின் கேட்டு எழுத ஆரம்பித்தார். தலைமை அலுவலகம் கடைசியில் இசைந்தது, ஒரு நிபந்தனையோடு. மெஷின் வந்தால், மட்டாஞ்சேரி அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கும் ஆளின் பணியிடத்தை ‘ஒப்படைத்துவிட’ வேண்டும். வெங்கிடராமன் மிகுந்த மனவேதனையுடன் அன்றைய தபாலிலேயே சம்மதம் அனுப்பினார்.

அந்தப் பணியிடத்துக்கு அங்கம்மாள் என்று பெயர். உத்தமபாளையத்துக்காரி. கட்டிட வேலைக்கு வந்த புருஷனோடு கொச்சிக்கு வந்தவள். புருஷன் காலமான பிறகும் வாளியையும் துணியையும் விடாமல் பிடித்துக்கொண்டு பதினாலு வருஷம் அந்த அலுவலகத்தைத் துடைத்தவள்.

“அங்கம்மா, உனக்கு இனிமே கஷ்டமே கிடையாதாக்கும்,” என்றார் வெங்கிடராமன்.

“சம்பளம் கூட்டுறீங்களா சாரே?”

“அதில்லை. வேலையே இல்லை.”

அங்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள். “வேல இல்லேன்னா சம்பளம்?”

“அதுவும் ஒரு கஷ்டம்தானே? மாசாமாசம் வரிசையிலே நிக்கணும், ஸ்டாம்பு ஒட்டணும், கைநாட்டு வைக்கணும். எல்லாம் ஒழிஞ்சுது பாரு!”

திறப்பு விழா விமரிசையாக நடந்தது. மெஷினுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டார்கள். ‘தரையே நிர்வாகத்தின் அடித்தளம்’ என்ற தலைப்பில் வெங்கிடராமன் பேசினார். கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து மெஷினை ஓட்டிக் காட்டினார். அது சுழன்றது, தெளித்தது, உறிஞ்சியது. எல்லோரும் கை தட்டினார்கள். டை கட்டியவர் சாயா குடித்துவிட்டு மாலை வண்டிக்குப் போய்விட்டார்.

மறுநாள் வெங்கிடராமனே கைப்பிடியைப் பற்றினார். இந்த ஜாதி மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. கைப்பிடியை லேசாகத் தூக்கினால் ஒரு பக்கம் இழுக்கும், தாழ்த்தினால் மறுபக்கம் இழுக்கும். டை கட்டியவர் அதைச் சொல்லியிருந்தார், இங்கிலீஷில். மெஷின் வெங்கிடராமனை முதலில் தபால் பிரிவுக்கு அழைத்துப் போயிற்று. பிறகு கணக்குப் பிரிவில் புகுந்து ஒரு அடுக்குக் கோப்புகளை அள்ளிக்கொண்டு வாசல்வரை சென்றது. பல வருஷமாக அசையாமல் கிடந்த அந்தக் கோப்புகள் அன்றுதான் நகர்ந்தன. யாரோ பிளக்கைப் பிடுங்கியதால் மேலாளர் மாடிப்படியின் விளிம்பில் உயிர் பிழைத்தார்.

அப்போதுதான் இன்னொன்றும் தெரியவந்தது. மெஷின் சுழன்றது, தெளிக்கவும் செய்தது. ஆனால் உறிஞ்சவில்லை. மட்டாஞ்சேரியின் வோல்டேஜில் உறிஞ்சும் மோட்டார் கருகிவிட்டிருந்தது. “மூன்றில் இரண்டு பழுதில்லை. பரீட்சையிலே முதல் வகுப்பாக்கும்,” என்று சொல்லிவிட்டு அந்த வாரம் முழுவதும் அவர் மெஷினை ஓட்டினார்.

கழகம் இருந்தது பழைய பண்டகசாலையின் மாடியில். தரை, மரப்பலகை. தெளித்த தண்ணீர் எந்த உத்தரவுக்கும் காத்திராமல் பலகை இடுக்கு வழியே கீழே இறங்கிற்று. கீழே முகமது இஸ்மாயில் ராவுத்தரின் சுக்கு மண்டி.

வாரக் கடைசியில் ராவுத்தர் மாடியேறி வந்தார். கையில் எதையோ ஏந்தி வந்து மேலாளரின் மேஜைமேல் வைத்தார்.

“சாமி, இது என்னான்னு பறயும்.”

“சுக்கு.”

“போன வெள்ளிக்கிழமை வரைக்கும் சுக்கு. இப்ப இஞ்சி! அமுக்கிப் பாரும். இஞ்சியைச் சுக்காக்க நாங்க வெயில்ல போட்டு உயிரை விடுறோம். சுக்கை இஞ்சியாக்குற வித்தை உங்க கழகத்துலதான் சாமி கண்டேன்!”

“ராவுத்தரே, கோபப்படப்டாது. இது வெறும் தண்ணியில்லை. துப்புரவுக் கரைசலாக்கும். உங்க சரக்கும் சுத்தமாயிருக்குமே?”

“மணந்து பாரும்! சோப்பு மணக்குது! அறபு நாட்டுக்காரன் இதைச் சாயாவுல தட்டிப் போட்டா வாயில நுரைதான் வரும். இனி ஒரு சொட்டு கீழே விழுந்துச்சு, நேரா எர்ணாகுளம் கோர்ட்டுலதான் பாப்போம்.”

கம்பெனிக்கு எழுதினார்கள். உறிஞ்சும் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கப்பலில், என்று பதில் வந்தது. எந்தக் கப்பல் என்று சொல்லவில்லை. தலைமை அலுவலகத்துக்கோ மாதந்தோறும் மெஷினின் ‘செயல்திறன்’ பற்றி அறிக்கை போக வேண்டும். பழுது என்று எழுதினால், மெஷின் வேண்டும் என்று எழுதியது யார் என்று கேட்பார்கள். கீழே சொட்டாமல் தரை மின்ன வேண்டும். வெங்கிடராமன் ஆழ்ந்து சிந்தித்து அங்கம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஆனால் அவளுக்குப் பணியிடம் கிடையாது. பணியிடம் இல்லாதவளுக்கு எந்தத் தலைப்பில் கூலி கொடுப்பது? ‘பொறி பராமரிப்பு, உதிரிப்பாகங்கள்’ என்ற தலைப்பில் மட்டும் பணம் இருந்தது. ஆகவே அங்கம்மாள் அன்றுமுதல் ‘உதிரிப்பாகம் (உறிஞ்சும் வகை)’ ஆனாள். கூலி, பழைய சம்பளத்தில் பாதி. “உதிரிப்பாகம் முழு மெஷினைவிடச் சல்லிசாத்தானே இருக்கணும்?” என்று அவர் நியாயத்தை விளக்கினார்.

“மெஷினைத் தொட வேணாமா சாரே?”

“தொடச்சு மட்டும் வை. அது இளைப்பாறட்டும்.”

வெல்வெட் உறை போர்த்தி மெஷின் இளைப்பாறியது. ஈரத்துணியை ஒட்டப் பிழிந்து, ராவுத்தரின் சுக்கில் ஒரு சொட்டு விழாமல், அங்கம்மாள் மண்டியிட்டு ஹாலை முழுதும் துடைத்தாள். கடைசியில் மெஷினையும் துடைத்தாள். மாத அறிக்கை தவறாமல் போயிற்று: ‘பொறி திருப்திகரமாக இயங்குகிறது. சத்தம் அறவே இல்லை. மின்செலவு ஏதுமில்லை.’

மின்சாரம் இல்லாமல் ஓடும் மெஷினைப் பற்றிக் கேள்விப்பட்ட நிர்வாக இயக்குநர், அதை நேரில் காண வருவதாகத் தகவல் அனுப்பினார்.

அவர் வருவதற்கு முதல் நாள் அங்கம்மாள் மேலாளரின் அறை வாசலில் வந்து நின்றாள்.

“சாரே, மகளுக்கு இடுப்பு வலி கண்டுருச்சாம். ஊர்க்காரரு வந்து சொன்னாரு. தலப்பிரசவம். நாலு நா போயிட்டு வந்துர்றேன்.”

வெங்கிடராமன் நேர்மையானவர். விதிப்புத்தகத்தை எடுத்து நிஜமாகவே புரட்டிப் பார்த்தார். அதிகாரிகளுக்கு லீவு இருந்தது. குமாஸ்தாக்களுக்கு இருந்தது. நாய்க்கடிக்குத் தனி லீவே இருந்தது.

“உதிரிப்பாகத்துக்கு லீவு கிடையாது, அங்கம்மா. ரிப்பேர்தான் உண்டு.”

“வெளையாடாதீங்க சாரே.”

“நாளைக்குப் பெரிய ஆபீசர் வராராக்கும். நாளன்னிக்குப் போயிக்கோ. இப்பப் போனா, திரும்ப எடுக்கறது கஷ்டம்.”

அழுவாள் என்று எதிர்பார்த்து அவர் ஒரு ஆறுதல் வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தார். அவள் அழவில்லை.

“எம் புள்ளைக்கு நான் ஒருத்திதான் சாரே. வேற பாகம் கப்பல்ல வராது.”

வாளியைக் கவிழ்த்து வைத்தாள். துணியை அதன்மேல் விரித்துப் போட்டாள். படியிறங்கி எர்ணாகுளம் போகும் படகுக்கு நடந்துவிட்டாள்.

வெங்கிடராமனுக்கு எங்கேயோ உறுத்தியது. சட்டைக் காலராக இருக்கும் என்று மேல்பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஹால் கிடந்த கோலத்தை விவரிக்க வேண்டாம். மிளகு மாதிரிகளின் தூசி, சாயாக் கறை, ஜன்னலில் குடியிருந்த புறாக்களின் பங்களிப்பு. பியூனைக் கூப்பிட்டார். தரை துடைப்பது தன் பணிவரம்பில் இல்லை என்று பியூன் மரியாதையாகத் தெரிவித்தான். எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைத் தாழிட்டார். பேன்ட்டைச் சுருட்டினார். வாளியை நிமிர்த்தினார்.

அந்தத் தரையை அவர் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. ஒவ்வொரு பலகைக்கும் இடையே அழுக்கு தனியாகக் குடித்தனம் நடத்தியது. துணியை ஒட்டப் பிழியாவிட்டால் கீழே ராவுத்தர், ஒட்டப் பிழிந்தாலோ விரல் மடங்கவில்லை. கணக்குப் பிரிவைத் தாண்டுவதற்குள் முதுகு விண்ணென்று தெறித்தது. உள்ளங்கையில் ஒரு மரச்சிராய் ஏறியது. பதினாலு வருஷம் என்றால் என்ன என்று பாதி ஹாலிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அவர் ஒன்றும் கல்நெஞ்சர் அல்ல. “பாவம், அங்கம்மா,” என்று வாய்விட்டே சொன்னார். கதவு தாழிட்டிருந்ததால் சொன்னார்.

நிர்வாக இயக்குநர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கத் தோன்றும்படி இருந்தது தரை.

“அற்புதம், மிஸ்டர் வெங்கிடராமன்! மூலையில்கூட அழுக்கில்லை. வட்டமான பிரஷ் சதுரமான மூலைக்குள் எப்படிப் போகிறது?”

“பழக்கினால் போகும் சார்.”

“உங்கள் பேன்ட்டில் முழங்காலெல்லாம் ஈரமாக இருக்கிறதே?”

“காலையில் மெஷின் முன்னால் ஒரு சின்னப் பிரார்த்தனை சார்.”

இயக்குநர் மிகவும் நெகிழ்ந்தார். உறையை விலக்கி மெஷினைத் தட்டிக் கொடுத்தார்; தரையே சாட்சியாக இருந்ததால் ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்:

“நமக்கு இன்னும் பத்துக் கிளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தரை துடைக்க ஒரு ஆள். பத்து மெஷின்கள் வாங்க யோசனை. ஆனால் நான் அவசரக்காரன் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு வருகிறவர்கள். இந்த விஷயத்தில் அனுபவம் உள்ளவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். அந்தப் பத்துப் பேர் நமக்குத் தேவையா?”

கீழே ராவுத்தரின் ஆட்கள் சுக்கு சலிக்கும் சத்தம் பலகை வழியே கேட்டது. வெங்கிடராமனின் முழங்கால்கள் எரிந்தன. உள்ளங்கையில் சிராய் குத்தியது. ‘தேவை’ என்ற ஒரே சொல் தொண்டைவரை வந்து நின்றது.

“தேவையில்லை, சார்,” என்றார்.

கணீரென்று, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு எந்த மெஷினின் உதவியும் வேண்டியிருக்கவில்லை.