அப்பா நொண்டிய ஞாயிற்றுக்கிழமை

பெற்ற அப்பாவின் காலை உடைத்தவள் நான். கட்டையால் அடிக்கவில்லை, கையால்கூடத் தொடவில்லை. மேடையில் ஏறி, மைக் முன்னால் நின்று, நூறு பேர் பார்க்க, தூய தமிழில் உடைத்தேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. (அந்த வயதில் எனக்கிருந்த புத்தியைத் தீப்பெட்டிக்குள் போட்டு மூடினாலும், உள்ளே நாற்பது குச்சிக்கு இடம் மிச்சமிருந்திருக்கும்.)

மைசூரில், மண்டி மொஹல்லாவின் ஒரு சந்துக்குள் எங்கள் வாடகை வீடு. அப்பா பொன்னுசாமி, ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் முட்டுக் கொடுத்துப் பலகை அடிக்கிறார்களே, அந்த வேலை. வருடம் முழுக்க உயரத்தில் நிற்கிற மனிதர் என்பதால், எங்கள் வீட்டில் ‘விழுந்தது’ என்ற சொல்லுக்கே தடை. கரண்டி விழாது, ‘கீழே போகும்’. பக்கத்து வீட்டுப் பெரியவர் குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டபோதுகூட, “அவரு கொஞ்சம் கீழ உக்காந்துட்டாருங்க” என்றுதான் அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சின்ன மன்றம் நடத்திவந்தன. பி.யூ.சி. முடித்த பிள்ளைகளில் ஒருவருக்கு ஆண்டுதோறும் கல்லூரிக் கட்டணம் கட்டுவார்கள். அதற்கு ஒரே நிபந்தனை. ‘கடந்த ஓராண்டில் என் மறக்க முடியாத தருணங்கள்’ என்ற தலைப்பில் ஐந்து நிமிடம் தமிழில் பேச வேண்டும். எனக்கு இதில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. ஒன்று, நான் படித்தது கன்னட மீடியம். வீட்டில் பேசிய தமிழிலும் பாதி கன்னடம்தான். தமிழ் எழுத்து படிக்க வராது. இன்னொன்று, கடந்த ஓராண்டில் எனக்கு மறக்க முடியாதபடி எதுவுமே நடந்திருக்கவில்லை.

எதிர்வீட்டு ஷீலா அக்கா முந்தின வருடம் அந்த உதவித்தொகையை வாங்கியவள். அவளிடம் போய் நின்றேன். பென்சிலும் பேப்பரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“போன வருஷம் உனக்கு என்னென்ன நடந்துச்சு, சொல்லு.”

“தசரா எக்ஸிபிஷன்ல ராட்டினத்துல ஏறி வாந்தி எடுத்தேன்.”

“அப்பறம்?”

“அது கீழ நின்ன பஞ்சுமிட்டாய்க்காரர் மேல பட்டுருச்சு.”

“வேற?”

“பிசிக்ஸ்ல பாஸாயிட்டேன். எங்க லெக்சரரே நம்பல.”

ஷீலா அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். “இதுக்கெல்லாம் யாரு ஃபீஸ் கட்டுவா? கேக்கறவங்க அழணும் கணே. நான் எங்கம்மா ஆபரேஷனப் பத்திப் பேசினேன், முன் வரிசை மொத்தமும் கர்ச்சீப் எடுத்துச்சு. உங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலையா?” (கணே என்றால் கன்னடத்தில் ‘டி’.)

“அம்மாவுக்குப் பல்லு வலி வந்துச்சு.”

“பல்லு பத்தாது.” கொஞ்சம் யோசித்தாள். “உங்கப்பா எத்தன மாடி வரைக்கும் ஏறுவாரு?”

கேட்டது அவள்தான். ஆனால் “மூணு மாடி” என்று சொன்னதும், அங்கிருந்து அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டதும் நான். அடுத்த அரை மணி நேரத்தில் அப்பா மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து, வலது காலை முறித்துக்கொண்டு, மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் எண்ணெய் தேய்த்துக்கொண்டே இன்னொரு கையில் புத்தகம் பிடித்துப் படித்தேன். ஷீலா அக்கா சொல்லச் சொல்ல அத்தனையையும் கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டேன். மைசூர்த் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இந்த வழக்கம் உண்டு. தமிழை வாயால் பேசுவோம், கையால் எழுதும்போது கன்னடம்தான் வரும். பேச்சில் இருந்த பாதி வார்த்தைகளுக்கு எனக்குப் பொருள் தெரியாது. “இன்னல்னா என்னக்கா?” என்று கேட்டேன். “சோகமா சொல்லு, போதும்” என்றாள். பத்து நாள் உருப்போட்டேன்.

வீட்டில் யாருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம் எனக்கு இல்லை. அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை ஹனூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போவதாக இருந்தது. அப்பாவுக்கோ ஞாயிறும் வேலை நாள். அதிலும் அந்த மாதம் அவர் தரையிலேயே நடக்கவில்லை. பதினெட்டு வருடம் மற்ற மேஸ்திரிகளுக்குக் கீழே வேலை பார்த்தவருக்கு, முதல் முறையாக ஒரு முழு வீடு அவர் பொறுப்பில் கிடைத்திருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சபாபதி சார் என்பவருக்கு ஊருக்கு வெளியே ஒரு மனை. அதில் இரண்டு மாடி. வியாழக்கிழமை குத்தலி பூஜை, அதாவது முதல் மண்வெட்டு போடும் பூஜை. அப்பா புதிதாக ஒரு அளவு டேப் வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். தினமும் காலையில் அதை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே வைப்பார்.

ஞாயிறு காலை மன்றத்துக்குப் போனேன். சிறப்பு விருந்தினருக்கு மாலை போட்டபோது, “ரயில்வேயில் சிறப்பாகப் பணியாற்றிய திரு. சபாபதி அவர்கள்” என்று மைக்கில் அறிவித்தார்கள். என் கையிலிருந்த தாள் கீழே போனது. நான் அவரைப் பார்த்ததில்லை. மைசூரில் ரயில்வேயில் வேலை பார்த்த சபாபதிகள் ஒரு டஜனாவது இருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறி, “அவையோர்க்கு என் பணிவான வணக்கம்” என்று ஆரம்பித்தேன்.

கதவு திறந்தது. கல்யாணத்துக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையில், தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, அப்பா உள்ளே வந்தார். மேடையிலிருந்த சபாபதி சார் கையைக் காட்டி அவரை முன் வரிசைக்குக் கூப்பிட்டார். (முந்தின நாள் சைட்டில், “பட்டியல்ல உங்க பொண்ணு பேரு இருக்கு மேஸ்திரி, கண்டிப்பா வாங்க” என்று அவரேதான் சொல்லியிருக்கிறார்.) அப்பா உட்கார்ந்து, என்னைப் பார்த்து ஒரு முறை தலையாட்டினார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

அவர் விழுவதற்கு இன்னும் இரண்டு பத்திகள் இருந்தன. தமிழ் தெரிந்த யாராக இருந்தாலும் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு ஏழாம் வாய்ப்பாடு மாதிரி. நடுவில் ஒரு வரியை விட்டால் மொத்தமும் போய்விடும். நட்பைப் பற்றிய பத்தி முடிந்தது. கல்வியைப் பற்றிய பத்தியை என்னால் முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். அதுவும் முடிந்தது.

“அப்போதுதான் அந்த இன்னல் நேர்ந்தது. என் தந்தை… இல்லை, என் தந்தை போன்ற ஒருவர்… என் தந்தை… மூன்றாவது மாடியிலிருந்து வீழ்ந்தார்.”

‘வீழ்ந்தார்’ என்ற இடத்தில் வலது கையை மெல்ல இறக்கிக் காட்ட வேண்டும் என்று ஷீலா அக்கா பழக்கியிருந்தாள். கை தானாகப் போய் நேராக அப்பாவைக் காட்டியது. அப்பா முதலில் திரும்பி, பின்னால் யார் விழுந்தார்கள் என்று பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்த்தார். அவர் பக்கத்திலிருந்த அம்மாள் ஒருத்தர் கர்ச்சீப்பை எடுத்தார். “அவர் வலக்கால் இன்றளவும் முழுதாய் ஊன்ற இயலாது” என்றேன். இன்னும் மூன்று கர்ச்சீப் வெளியே வந்தது. எனக்கும் கண்ணீர் கொட்டியது. அது பயத்தில் வந்தது என்று யாருக்கும் தெரியாது.

கைதட்டல் அடங்கியதும் மன்றத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “அந்தத் தந்தை இங்கே வந்திருக்கிறாரா?” என்று கேட்டார். சபாபதி சார் குழப்பத்தோடு அப்பாவைப் பார்த்து, “இவர்தான்…” என்று இழுத்தார். உடனே தலைவர் அப்பாவை மேடைக்கு அழைத்தார்.

அப்பா எழுந்தார். என்னைப் பார்த்தார். அந்த ஐந்து விநாடியில் செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று நான் நிஜமாகவே நினைத்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தொலைந்தேன். அப்பா துண்டை ஒரு முறை தோளில் சரிசெய்துகொண்டார். வலது காலை முன்னால் வைத்தார். நொண்டினார்.

கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு பேர் ஓடிவந்து தாங்கிப் பிடிக்கிற அளவுக்கு நொண்டினார். மேடைப் படியில் ஏறும்போது அவசரத்தில் இடது காலுக்கு மாற்றிவிட்டார்; மேலே வந்ததும் ஞாபகம் வந்து மறுபடி வலதுக்கு வந்தார். பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இப்பப் பரவால்லீங்க” என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது சந்து முனை வரைக்கும் நொண்டிக்கொண்டே வந்தார், பின்னால் மன்றத்து ஆட்கள் வந்துகொண்டிருந்ததால். முனை திரும்பியதும் நேராக நடந்தார். “எந்தக் காலுன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம் அல்வா கண்ணு” என்றார். (தின்கிற அல்வா இல்லை, கன்னடத்து ‘இல்லையா’.) அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் சபாபதி சார் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார். காலையில்தான் ஹனூரிலிருந்து திரும்பியிருந்த அம்மா கதவைத் திறந்தாள்.

“கால் எப்படிம்மா இருக்கு?”

“யாரு காலுங்க?” என்றாள் அம்மா.

அப்பா உள்ளேயிருந்து நொண்டிக்கொண்டு வந்தார். அம்மா பதறிப்போய் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சபாபதி சார் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ரொம்பவும் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “மேஸ்திரி, நீங்க எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். இந்தக் காலோட உங்கள ரெண்டு மாடி ஏத்திவிட்டா என் மனசு கேக்குமா? தப்பா எடுத்துக்காதீங்க. வேற ஆளப் பாத்துக்கறேன்.”

ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். அப்பா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் மகள் பொய்க்காரி. “சரிங்க” என்றார். பதினெட்டு வருடம் காத்திருந்த வீடு ஒரு ‘சரிங்க’வில் போய்க்கொண்டிருந்தது. சார் வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்தார். எழுதி வைத்த தாள் இல்லை, ஷீலா அக்கா இல்லை. வந்த தமிழில் கத்தினேன்.

“சார், எங்கப்பா விழவே இல்லீங்க சார்! விழுந்தாருன்னு நாந்தான் சுள்ளு சொன்னேன்!” (சுள்ளு என்றால் கன்னடத்தில் பொய். அந்த அவசரத்தில் பொய்க்குத் தமிழ் வரவில்லை.) “எனக்கு ஒண்ணுமே நடக்கல சார், போன வருஷம் பூரா. அதான் அவரத் தள்ளிவிட்டேன். அவரு ஒருநாளும் விழுந்ததில்லீங்க, விழவும்…”

“அந்தப் பேச்சப் பேசாதடி!” என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். அந்த வீட்டில் ஒரே மூச்சில் நான்கு தடவை அந்தச் சொல்லைச் சொன்னவள் நான் ஒருத்திதான்.

சபாபதி சார் செருப்பை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். “அப்ப நேத்து நொண்டினது?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். “புள்ள மேடையில நின்னுட்டு இருந்துச்சுங்களே” என்றார்.

சார் திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “படியில கால் மாறும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு” என்றார். பிறகு அப்பாவைக் கூடத்தில் இரண்டு முறை நடக்கச் சொன்னார். பரணுக்கு ஏணி போட்டு ஏறச் சொன்னார், இறங்கச் சொன்னார். எல்லாம் பார்த்துவிட்டு, “வியாழக்கிழமை ஏழு மணிக்கு வந்துடுங்க மேஸ்திரி” என்றார். என்னைப் பார்த்து, “மன்றத்துல போய் உன் பேர எடுத்துடச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லணும்” என்றார்.

போய்ச் சொன்னேன். செயலாளர் மட்டும்தான் இருந்தார். பேரை அடித்துவிட்டு, சின்னப் பெண் விஷயம் என்று யாரிடமும் சொல்லாமல் மூடிவிட்டார். உதவித்தொகை, கொள்ளேகாலுக்கு முதல் முறை தனியாகப் பஸ்ஸில் போய்வந்த கதையைச் சொன்ன ஒரு பெண்ணுக்குப் போனது. அவள் யாரையும் அழவைக்கவில்லை, ஆனால் நிஜமாகவே போய்வந்திருந்தாள். அதன் பிறகு அப்பா கட்டிய வீடுகள் பல. இன்று வரைக்கும் அவர் எங்கேயும் ‘கீழே உட்கார்ந்ததில்லை’.

ஆனால் செயலாளர் காட்டிய அந்தப் பெருந்தன்மையால் ஒரு தொல்லை நிரந்தரமாகிவிட்டது. மற்ற மன்றத்துக்காரர்கள் யாருக்கும் விஷயம் தெரியாது. அவர்களில் ஒருவரைக் கடைத்தெருவில் பார்த்தாலும் அப்பா நொண்டியாக வேண்டும். என் கல்யாணத்துக்குத் தலைவர் குடும்பத்தோடு வந்துவிட்டார். அதனால் என் கல்யாண வீடியோவில், தாலி கட்டும் வரைக்கும் அப்பா பரிதாபமாக நொண்டிக்கொண்டு திரிவார்; தலைவர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு எடுத்த பகுதியில், தாம்பாளத்தோடு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுவார். என் மாமியார் அதை எங்கள் குலதெய்வத்தின் அருள் என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

என் மகள் இப்போது ஆறாம் வகுப்பு. விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வந்தால் அந்த வீடியோவைப் போடச் சொல்லுவாள். “சாப்பாடு சாப்ட்டதும் தாத்தாவுக்கு எப்படிக் கால் சரியாச்சு?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். அப்பா காலை நன்றாக நீட்டி உட்கார்ந்துகொண்டு, “உங்கம்மா மேடைப் பேச்செல்லாம் நல்லாப் பேசுவா கண்ணு, அவளையே கேளு” என்பார். நான் எழுந்து நின்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பேன்.